ஷிவ் நாடார் உ.பி.யில் ஏன் பள்ளி கட்டினார்?

ஆண்டுதோறும் தீபாவளியை ஒட்டி, பணக்காரர்கள் பட்டியல் போடும் ஹுருன் நிறுவனம் இந்தியக் கொடையாளர்கள் பட்டியலை வெளியிடுகிறது. மறுநாளே அது நம்மூர் வாட்ஸ்ஆப் குழுக்களுக்கு வந்து சேர்ந்துவிடும். 2024 பட்டியலில் முதலிடம் எச்.சி.எல். கம்ப்யூட்டர் நிறுவனத்தைத் தொடங்கிய ஷிவ் நாடாரின் குடும்பத்துக்கு, ஓராண்டில் கொடுத்தது 2,153 கோடி ரூபாய். 2025-ல் மறுபடியும் அவர்களே, 2,708 கோடி. உடனே ஒருவர் "தமிழன்டா!" என்று போடுவார். "தமிழனா இருந்து என்னங்க, பள்ளிக்கூடத்தையெல்லாம் உ.பி.யில தானே கட்டியிருக்கார், சேலத்துல ஒரு செங்கல் வெச்சாரா?" என்று இன்னொருவர் கேட்பார். அதற்குள் யாராவது ஏற்காடு அடிவாரத்தில் டிராபிக் ஜாம் என்று போட்டோ அனுப்ப, பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

இரண்டாமவர் வம்புக்குக் கேட்டது போலத் தெரிந்தாலும் அது நல்ல கேள்வி. இந்த மனிதர் எப்படிச் சம்பாதித்தார், எப்படிக் கொடுக்கிறார் என்ற இரண்டுக்குமே அதற்குள் பாதிப் பதில் இருக்கிறது.

முதலில் "ஒன்றுமில்லாமல் வந்தவர்" என்ற கதையைக் கொஞ்சம் சரிசெய்துகொள்வோம். ஷிவ் நாடார் 1945 ஜூலை 14-ல் திருச்செந்தூர் பக்கத்தில் மூலைப்பொழி என்ற கிராமத்தில் பிறந்தார். ஊர் சின்னதுதான். ஆனால் அம்மா வாமசுந்தரி தேவி, தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனாரின் சகோதரி. 1942-ல் ஆதித்தனார் ஆரம்பித்த அந்தப் பேப்பர்தான் இன்றைக்கும் சேலத்து டீக்கடை பெஞ்சுகளில் தாள் தாளாகப் பிரிந்து கைமாறிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு தாய்மாமன் வாய்த்தவரை ஏழைப் பையன் என்று சொல்ல முடியாது. அதே சமயம் அவர் மாமனின் பத்திரிகைத் தொழில் பக்கம் போகவும் இல்லை. கும்பகோணம், மதுரை, திருச்சி என்று ஊர் ஊராகப் பள்ளிப் படிப்பு, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் புகுமுக வகுப்பு, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் மின், மின்னணுப் பொறியியல். படிப்பின் அருமை தெரிந்த, உறவில் பெரிய பெயர்கள் இருந்த வீடு. தொழிற்சாலைச் சாவியைக் கையில் வாங்கிய வாரிசு இல்லை. சுயமாக வந்தவர் என்ற பட்டம் இந்த அளவுக்குப் பொருந்தும், இதைத் தாண்டி இழுத்தால் கிழியும்.

1967-ல் புனேயில் வால்சந்த் குழுமத்தின் கூப்பர் என்ஜினியரிங்கில் வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம் டெல்லியில் டி.சி.எம். துணி ஆலைக் குழுமத்துக்குள் கால்குலேட்டர் தயாரித்த பிரிவு. நல்ல சம்பளம், நல்ல பதவி. 1975-ல் அதை விட்டுவிட்டு அர்ஜுன் மல்ஹோத்ரா, அஜய் சௌத்ரி உள்ளிட்ட சக ஊழியர்களோடு மைக்ரோகாம்ப் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இடம் டெல்லியில் ஒரு வீட்டின் மொட்டை மாடி அறை. சரக்கு கால்குலேட்டர். கம்ப்யூட்டர் செய்ய வேண்டும் என்பதுதான் ஆசை. அதற்குப் பணமும் பத்தாது, உரிமமும் கிடையாது. கால்குலேட்டர் விற்றது அந்த ஆசைக்குக் காசு சேர்க்கத்தான்.

உத்தரப் பிரதேசம் கதைக்குள் வருவது இந்த இடத்தில். அந்தக் காலத்தில் ஒரு பொருளைத் தயாரிக்கத் திறமையும் முதலும் மட்டும் இருந்தால் போதாது, அரசு உரிமம் வேண்டும். எவ்வளவு தயாரிக்கலாம், எதை இறக்குமதி செய்யலாம் என்பதெல்லாம் டெல்லியில் முடிவாகும். மாநில அரசு ஒன்று கூட்டாளியாக இருந்தால் பல கதவுகள் சுலபமாகத் திறக்கும். மின்னணுத் தொழிலைத் தன் மாநிலத்துக்குக் கொண்டுவர உ.பி. அரசும் ஆள் தேடிக்கொண்டிருந்தது. அதன் மின்னணுக் கழகமான அப்ட்ரான் 26 சதவீதப் பங்கு எடுத்துக்கொண்டு 20 லட்சம் ரூபாய் போட்டது. நண்பர்கள் தங்கள் பங்காகத் திரட்டியது 1 லட்சத்து 87 ஆயிரம். 1976 ஆகஸ்டில் ஹிந்துஸ்தான் கம்ப்யூட்டர்ஸ் லிமிடெட், சுருக்கமாக எச்.சி.எல்., பிறந்தது. அரசு கூட்டாளியாக இருந்ததால்தான் 'ஹிந்துஸ்தான்' என்ற பெயரே கிடைத்தது.

மேடைகளில் அந்த 1,87,000 ரூபாயைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் வந்தது உ.பி. மக்களின் வரிப்பணம் என்பதை அதிகம் சொல்வதில்லை.

அடுத்த திருப்பம், அமெரிக்கக் கம்ப்யூட்டர் நிறுவனமான ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. 1973-ன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியக் கிளையில் தங்கள் பங்கைப் பெரும்பாலும் 40 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும். 1977-ல் வந்த ஜனதா அரசு அதைக் கறாராக அமல்படுத்தியது. தொழில் அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். கோகோ கோலா மூட்டை கட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஐ.பி.எம். 1978-ல் போனது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை, ஆனால் விளைவு அதற்குத்தான் பெரிது. வெளிநாட்டில் ஓடிக் களைத்த பழைய இயந்திரங்களைச் செப்பனிட்டு இங்கே வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த நிறுவனம் அது. அது போனதும் வங்கி, ஆலை, அரசு அலுவலகம் எல்லாம் கணக்குப் பார்க்க வேறு கம்ப்யூட்டர் தேட வேண்டியதாயிற்று. அதே நேரத்தில் மைக்ரோபிராசசர் என்ற சில்லு வந்திருந்தது. அறை நிறைய இயந்திரம் இல்லாமல் மேசை அளவில் கம்ப்யூட்டர் செய்ய முடிந்தது. 1978-ல் எச்.சி.எல். தன் 8சி கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது.

சேலத்துக்காரர்களுக்கு இது புரியக் கஷ்டமே இல்லை. நம் ஜவ்வரிசித் தொழில் வந்ததும் இதே வழியில்தான். இரண்டாம் உலகப் போரில் மலேயா, சிங்கப்பூர் பக்கமிருந்து ஜவ்வரிசி வருவது நின்றது. இங்கே மானாவாரிக் காட்டில் மரவள்ளிக் கிழங்கு கிடந்தது. அதை அரைத்து, பாலெடுத்து, மணியாக்கி, வறுத்துப் பார்த்தார்கள். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் வரும் அளவுக்கு அது வளர்ந்தது. இறக்குமதி நின்றால் உள்ளூரில் சந்தை பிறக்கும். ஆனால் அன்றைக்குக் கிழங்கும் கையுமாகத் தயாராக நின்றவருக்குத்தான் அந்தச் சந்தை. ஷிவ் நாடாரும் நண்பர்களும் இரண்டு வருடம் முன்னாலேயே உரிமத்தோடு தயாராக நின்றிருந்தார்கள். அதில் அதிர்ஷ்டம் எவ்வளவு, முன்யோசனை எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பிரிக்கத் தேவையும் இல்லை என்பது என் எண்ணம்.

1980-ல் சிங்கப்பூரில் ஃபார் ஈஸ்ட் கம்ப்யூட்டர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1981-ல் ராஜேந்திர பவாரும் விஜய் தடானியும் என்.ஐ.ஐ.டி. என்ற கம்ப்யூட்டர் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியபோது அதில் ஷிவ் நாடாரின் முதலீடு. கம்ப்யூட்டர் விற்க வேண்டுமானால் முதலில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் வேண்டும் என்ற எளிய கணக்கு. 1984-ல் ராஜீவ் காந்தி அரசு கம்ப்யூட்டர் இறக்குமதி விதிகளைத் தளர்த்தியதும், 1985-ல் பிசிபீ என்ற பெயரில் எச்.சி.எல். பெர்சனல் கம்ப்யூட்டர் வந்தது. தொண்ணூறுகளில் சேலத்தில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனவர்களுக்கு அந்த வாசல் மறந்திருக்காது. செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, ஏ.சி. குளிரில் ஒரு மானிட்டருக்கு இரண்டு பேராக உட்கார்ந்து, பச்சை எழுத்தில் டாஸ் கட்டளை அடித்துப் பழகிய காலம். ஒருத்தர் அடிக்க, மற்றவர் நோட்டில் எழுதிக்கொள்வார். அரை மணி நேரம் ஆனதும் மாறி உட்கார வேண்டும்.

வெற்றிக் கதைகளில் பொதுவாகத் தாண்டிப் போகும் ஓர் அத்தியாயம் 1989. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் கம்ப்யூட்டர்களில் கைதேர்ந்த எச்.சி.எல்., அவற்றை அமெரிக்காவிலேயே விற்கலாம் என்று அங்கே ஒரு நிறுவனம் தொடங்கியது. அந்த இயந்திரங்கள் அங்கத்திய ஒப்புதல் சோதனைகளைத் தாண்டவில்லை. வியாபாரம் படுத்துவிட்டது. கம்ப்யூட்டர் பெட்டியை விற்க முடியாது, ஆனால் பெட்டி செய்யத் தெரிந்த பொறியாளர்கள் கையில் இருக்கிறார்கள். அவர்களின் வேலையை விற்கலாம் என்று திரும்பினார்கள். இன்றைய எச்.சி.எல். டெக்னாலஜீஸின் விதை அந்தத் தோல்வியில் இருக்கிறது. 1991-ல் உள்நாட்டு வன்பொருள் வியாபாரத்தில் எச்.பி. நிறுவனத்தோடு கூட்டு வைத்துக்கொண்டு, மென்பொருள் சேவையைத் தனி நிறுவனமாக வளர்த்தார்கள். 1999 கடைசியில் அது பங்குச் சந்தைக்கு வந்தது.

இதிலும் ஒரு குறை சொல்ல வேண்டும். சேவைத் தொழிலுக்கு முழு மனதாக வர எச்.சி.எல். ரொம்பவே தாமதித்தது. வன்பொருள் மேல் ஷிவ் நாடாருக்கு இருந்த பற்று அப்படி. அதற்குள் டி.சி.எஸ்., இன்போசிஸ் எங்கேயோ போய்விட்டன. விப்ரோவை முந்தி மூன்றாமிடத்துக்கு வரவே 2018 ஆகிவிட்டது. கூடத் தொடங்கிய நண்பர்களும் ஒவ்வொருவராகத் தனி வழி பார்த்தார்கள். அர்ஜுன் மல்ஹோத்ரா 1998-ல் விலகினார். அஜய் சௌத்ரி மட்டும் வன்பொருள் பக்கம் நெடுநாள் இருந்தார். அந்தப் பக்கம் வந்த எச்.சி.எல். இன்போசிஸ்டம்ஸ், நோக்கியா போன்களை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்ததில் நல்ல காசு பார்த்தது, பிறகு சுருங்கிப் போனது. சேவை நிறுவனமோ இன்று 60 நாடுகளில், 2 லட்சத்துக்கு மேற்பட்ட ஊழியர்களோடு நிற்கிறது. 2019-ல் அது, அலுவலக மின்னஞ்சலுக்கான லோட்டஸ் நோட்ஸ் உள்ளிட்ட சில மென்பொருள்களை 180 கோடி டாலருக்கு வாங்கியது. விற்றது ஐ.பி.எம்.!

சரி, கொடைக்கு வருவோம்.

ஷிவ் நாடார் அறக்கட்டளை 1994-ல் தொடங்கியது. அதன் முதல் பெரிய வேலை தமிழ்நாட்டில்தான். சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில் காலவாக்கத்தில் 1996-ல், அப்பா சிவசுப்பிரமணிய நாடார் பெயரில் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி வந்தது. பொறியியல் கலந்தாய்வு சமயத்தில் சேலத்து வீடுகளில் நடப்பதைப் பார்த்தால் அந்தக் கல்லூரி எங்கே நிற்கிறது என்று தெரியும். பையன் கட் ஆஃப் மதிப்பெண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு விருப்பப் பட்டியல் போடுவான். மேலே கிண்டி, எம்.ஐ.டி. அதற்குக் கீழே பி.எஸ்.ஜி.யா எஸ்.எஸ்.என்.னா என்று ஒரு பஞ்சாயத்து. கோயம்புத்தூர் பக்கம், வாரா வாரம் வீட்டுக்கு வரலாம் என்பது அம்மா கட்சி. சென்னைக்குப் போனால்தான் வேலை கிடைக்கும் என்பது அப்பா கட்சி. அந்த இரண்டில் ஒன்று ஷிவ் நாடார் படித்தது, மற்றொன்று அவர் கட்டியது. எஸ்.எஸ்.என். இலவசக் கல்லூரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டணம் உண்டு, உதவித்தொகையும் உண்டு. 2021-ல் அதே வளாகத்தில் ஷிவ் நாடார் பல்கலைக்கழகம், சென்னை என்று இன்னொன்றும் வந்தது.

உ.பி.யில் செய்தது வேறு மாதிரி. வித்யாஞான் என்ற பெயரில் 2009-ல் புலந்த்ஷகரிலும் பிறகு சீதாபூரிலும் உறைவிடப் பள்ளிகள். கிராமத்து அரசுப் பள்ளிகளில் படிக்கும் ஏழைக் குழந்தைகளுக்குத் தேர்வு வைத்து, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தங்குமிடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். லட்சக்கணக்கில் எழுதுவார்கள், எடுப்பது சில நூறு பேரை. நம் அரசின் மாதிரிப் பள்ளிகளை இதோடு ஒப்பிடலாம். அதே கேள்வி இதற்கும் உண்டு. கெட்டிக்காரர்களைப் பொறுக்கி எடுத்தால் மிச்சக் குழந்தைகளுக்கு என்ன? அறக்கட்டளை மறைக்காமல் சொல்லும் பதில், நாளைக்கு ஊரை வழிநடத்தப் போகிறவர்களை உருவாக்குகிறோம் என்பது. எனக்கு அதில் பாதி சம்மதம்தான். சில நூறு குடும்பங்களின் கதை மாறுவது நிஜம். பக்கத்து வகுப்பறை அப்படியே இருப்பதும் நிஜம்.

ஏன் உ.பி.? 1976-ல் அந்த அரசு போட்ட 20 லட்சத்துக்கு நன்றிக்கடன் என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். ஓரளவு இருக்கவும் கூடும். ஆனால் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. எச்.சி.எல். தலைமையகம் நொய்டாவில். 2011-ல் தொடங்கிய ஷிவ் நாடார் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே தாத்ரியில். புலந்த்ஷகர் அடுத்த மாவட்டம். சீதாபூர் லக்னோவை ஒட்டியது, லக்னோவில் எச்.சி.எல். வளாகம் இருக்கிறது. அவர் மனைவி கிரண் நாடாரின் பெயரில் 2010-ல் வந்த கலை அருங்காட்சியகம் டெல்லியிலும் நொய்டாவிலும். காலவாக்கம் இருப்பதும் சென்னை ஐ.டி. சாலையில்தான். இவர்கள் காசோலை எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கும் ரகம் இல்லை, கட்டி, ஆள் வைத்து, தாங்களே நடத்துபவர்கள். நடத்துகிறவருக்கு இடம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சேலத்தில் செங்கல் வைக்காததற்கு இதைவிடப் பெரிய காரணம் எதையும் நான் காணவில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஈவுத்தொகை, அதாவது நிறுவனம் தன் லாபத்தில் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம். எச்.சி.எல். டெக்கின் மொத்தப் பங்குகள் சுமார் 271 கோடி. அதில் 60 சதவீதத்துக்குச் சற்று மேல் குடும்பத்தின் நிறுவனங்கள் வசம். 2023-24 நிதியாண்டில் ஒரு பங்குக்கு 52 ரூபாய் ஈவுத்தொகை. பெருக்கிப் பார்த்தால் அந்த ஓராண்டில் குடும்பப் பக்கம் போனது வரிக்கு முன் ஏறக்குறைய 8,500 கோடி ரூபாய். கொடையாகப் போனது 2,153 கோடி. நான்கில் ஒரு பங்கு. வருமானத்தில் கால்வாசியைக் கொடுப்பவர்கள் நம் தெருவில் எத்தனை பேர் என்று கேட்டால் யாரையும் காட்ட முடியாது. ஆனால் முதல் அப்படியே இருக்கிறது, பலனில் ஒரு பகுதிதான் வெளியே வருகிறது என்பதும் உண்மை. விப்ரோவின் அசிம் பிரேம்ஜி வேறு வழியில் போனவர். விப்ரோ பங்குகளில் சுமார் 67 சதவீதத்தின் பொருளாதாரப் பலனை 2019-க்குள் கொடைக்கென்றே திரும்பப் பெற முடியாதபடி எழுதி வைத்துவிட்டார். அங்கே தோப்பின் விளைச்சலே கொடைக்குச் சொந்தம், இங்கே வருடாவருடம் குடும்பம் பார்த்துக் கொடுப்பது.

அந்தக் குடும்பத்தின் பொறுப்பு இப்போது ஒரே மகள் ரோஷ்னி நாடார் மல்ஹோத்ரா கையில். 2020 ஜூலையில் அவர் எச்.சி.எல். டெக்கின் தலைவரானார். பங்குச் சந்தையில் உள்ள இந்திய ஐ.டி. நிறுவனம் ஒன்றுக்குப் பெண் தலைவர் வந்தது அதுதான் முதல் முறை. 2025 மார்ச்சில் ஷிவ் நாடார் தன் முக்கிய முதலீட்டு நிறுவனங்கள் இரண்டில் தலா 47 சதவீதப் பங்கை மகளுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். அதில் ஒன்றின் பெயர் வாமசுந்தரி இன்வெஸ்ட்மென்ட்ஸ். மூலைப்பொழி அம்மாவின் பெயர். எச்.சி.எல். டெக்கில் 44 சதவீதம் இந்த ஒரு நிறுவனத்திடம்தான் இருக்கிறது. ஆக, இனி எவ்வளவு கொடுப்பது, எந்த மாநிலத்தில் கட்டுவது என்பதெல்லாம் ரோஷ்னியின் முடிவு. வித்யாஞான் வேலையில் ஆரம்பத்திலிருந்தே அதிகம் ஈடுபட்டவரும் அவர்தான் என்பதால், உ.பி. கணக்கு சீக்கிரம் மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சேலத்துக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு, கொடைப் பக்கத்தைவிட வேலைப் பக்கத்தில் பதில் இருக்கிறது. 2017-ல் எச்.சி.எல். தொடங்கிய டெக்பீ திட்டத்தில், பிளஸ் டூவில் கணிதம் படித்தவர்களைத் தேர்வு வைத்து எடுத்து, பயிற்சி கொடுத்து, வேலையில் அமர்த்திக்கொண்டே பகுதி நேரமாகப் பட்டம் படிக்க வைக்கிறார்கள். இது தர்மம் இல்லை, நிறுவனத்துக்கு இளம் ஆள் தேவை. சேரும் முன் பயிற்சிக் கட்டணம், ஒப்பந்தக் காலம் இரண்டையும் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படிக்க வேண்டும். நான்கு வருடப் பொறியியல் படிப்புக்கு வழியில்லாத வீட்டுக்கு இது யோசிக்கத்தக்க வழி, வசதி இருக்கிற வீட்டுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. மதுரை இலந்தைக்குளத்தில் எச்.சி.எல்.லுக்குப் பெரிய வளாகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சேலம் புது பஸ் ஸ்டாண்டில் முதுகுப் பையும் சாப்பாட்டுத் தூக்குமாகப் பெங்களூரு பஸ்ஸுக்கு முண்டியடிக்கும் கூட்டத்தில், மதுரை பஸ் பக்கம் நிற்பவர்களும் கொஞ்சம் பேர் உண்டு. கருப்பூர் பக்கம் ஆனைகவுண்டன்பட்டியில் 2024-ல் திறந்த நியோ டைடல் பார்க் என்ற ஐ.டி. பூங்கா அந்தக் கூட்டத்தைக் குறைக்குமா என்பது, அங்கே எந்த நிறுவனங்கள், எவ்வளவு சம்பளத்துக்கு ஆள் எடுக்கின்றன என்பதைப் பொறுத்தது.